அறுபடாத நூலுக்கு ஒரு முடிச்சு

சோமனூர்
11.11.2024, திங்கள்

மதிப்பிற்குரிய திருமதி செவ்வந்தி அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் மகள் தன்ஷிகாவுக்கு ஏழாம் வகுப்பு 'ஆ' பிரிவில் தமிழ் எடுப்பவள் நான். இந்தக் கடிதத்தை உறையில் போட்டு ஒட்டி அவளிடமே கொடுத்தனுப்புகிறேன். நீங்களே பிரித்துப் படிக்கவும்.

இந்தப் பருவத்துக் கட்டுரை ஏட்டில் 'தன் வரலாறு கூறுதல்' எழுதிவரச் சொல்லியிருந்தேன். பிள்ளைகள் தங்களை வேறு யாராகவோ, ஏதாவது ஒரு பொருளாகவோ நினைத்துக்கொண்டு எழுத வேண்டும். நாற்பத்தாறு ஏடுகளில் பத்தொன்பது ஆலமரங்கள், எட்டு அரசுப் பேருந்துகள். படித்துப் படித்து எனக்கே விழுது இறங்கிவிடும் போலிருந்தது. தன்ஷிகா மட்டும் 'தறி ஓட்டும் பெண்' என்று எழுதியிருந்தாள். நல்ல கட்டுரை. அதுதான் சிக்கல்.

ஏட்டில் இருக்கும் கையெழுத்து அவளுடையது அல்ல. வகுப்பில் அவள் எழுத்து வலது பக்கம் சாய்ந்து ஓடும். கோழிக் கிறுக்கல் என்று நானே திட்டியிருக்கிறேன். இதில் இருப்பது உருண்டையான, நிமிர்ந்த எழுத்து. ஆறாம் வகுப்பிலிருந்து நீங்கள் எழுதிய விடுப்புக் கடிதங்கள் எல்லாம் என் கோப்பில் இருக்கின்றன. எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டும் ஒரே கை.

கையெழுத்தை விடுங்கள். இந்த வரிகளைப் பாருங்கள்: "காலையில் பள்ளி வேன் எங்கள் தறிக்குடோனைத் தாண்டும்போது நான் குனிந்து நூலுக்கு முடிச்சுப் போடுவேன். நூல் அறுந்திருக்காது." பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இது எப்படித் தெரியும்? குனிந்தவருக்குத்தான் தெரியும். இதை எழுதியது நீங்கள்.

ஜூன் மாதம் நான் கொடுத்தனுப்பிய வகுப்பு விதிமுறைத் தாளில் 'படித்துப் புரிந்துகொண்டேன்' என்ற இடத்தில் கையொப்பம் போட்டிருக்கிறீர்கள். அதில் நான்காவது விதி: கட்டுரை பிள்ளையின் சொந்தச் சொற்களில், சொந்தக் கையெழுத்தில் இருக்க வேண்டும், இல்லையென்றால் பூஜ்யம். ஆகவே இருபதுக்குப் பூஜ்யம் போட்டிருக்கிறேன். 22-ஆம் தேதி மதிப்பெண் பட்டியல் முதல்வரிடம் போக வேண்டும். 'பிறர் எழுதியது' என்ற குறிப்போடு போனால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சென்ற ஆண்டு இதே காரணத்துக்காக இரண்டு பிள்ளைகளை டி.சி. கொடுத்து அனுப்பினார்கள்.

அதற்குள் உங்கள் விளக்கம் வேண்டும். நேரில் வந்தால் நல்லது. ஆனால் இந்த ஒன்றரை ஆண்டில் ஒரு பெற்றோர் கூட்டத்திலும் உங்களை நான் பார்த்ததில்லை.

இப்படிக்கு,
ச. மோகனப்பிரியா


அனுப்புநர்:
ர. செவ்வந்தி,
தறிக்குடோன் வீதி, சோமனூர்.

பெறுநர்:
தமிழாசிரியை அவர்கள்,
ஏழாம் வகுப்பு 'ஆ' பிரிவு.

நாள்: 12.11.2024

பொருள்: கட்டுரைக்குப் பூஜ்யம் போட்டது தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மா,

வணக்கம். கட்டுரையை எழுதியது என் மகள். நான் எழுதவில்லை.

நான் என் கதையைச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை துணி துவைத்துக்கொண்டே சொன்னேன். எட்டு வயதில் தறிக்கு நூல் தார் சுற்றப் போனது, தறிச் சத்தத்தில் யாராவது கூப்பிட்டால் காது கேட்காமல் தோளைத் தொட்டுத்தான் பேசுவார்கள் என்பது, இவள் வயிற்றில் இருந்தபோது ஏழாம் மாதம் வரை நான்கு தறி ஓட்டியது எல்லாம் சொன்னேன். அவள் படிக்கட்டில் உட்கார்ந்து கேட்டாள். பிறகு தானாக எழுதினாள்.

ஆலமரம் எழுதிய பத்தொன்பது பிள்ளைகளும் ஆலமரத்திடம் போய்க் கேட்டுவிட்டா எழுதினார்கள்? என் மகள் கேட்டு எழுதினாள். அவர்களுக்கு எத்தனை மதிப்பெண் போட்டீர்கள் என்று தெரிந்துகொள்ளலாமா?

கூட்டத்துக்கு வராததற்குக் காரணம், தறியை நிறுத்திவிட்டு வர முடியாது. பிள்ளை மேல் அக்கறை இல்லாமல் இல்லை.

எனவே பூஜ்யத்தை எடுத்துவிடும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ர. செவ்வந்தி


13.11.2024, புதன்

அன்புள்ள செவ்வந்தி அவர்களுக்கு,

ஆலமரத்தைப் பற்றி நீங்கள் கேட்டதைப் படித்துச் சிரித்துவிட்டேன். மறைக்கவில்லை. ஆலமரங்களுக்குப் பன்னிரண்டு, பதிமூன்று என்று போட்டிருக்கிறேன். அவை சுமாரான கட்டுரைகள். ஆனால் அந்தந்தப் பிள்ளை எழுதியவை.

உங்கள் கடிதமும் அதே உருண்டை எழுத்தில்தான் வந்திருக்கிறது. இவ்வளவு திருத்தமாக எழுதுகிற தாய், மகளுக்கு உதவ ஆசைப்பட்டதில் எனக்கு ஆச்சரியமில்லை. அந்த வேன் வரிகளைப் பற்றி நான் கேட்டதற்கு மட்டும் ஒரு வார்த்தையும் பதில் இல்லையே, ஏன்?

என்னை ஈவிரக்கம் இல்லாதவள் என்று நினைக்கலாம். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவனின் கட்டுரையை நம்பி மாவட்டப் போட்டிக்கு அனுப்பினேன். முதல் பரிசும் வந்தது. மேடையில் அவனைத் தலைப்பைப் பற்றி இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். விழித்துக்கொண்டு நின்றான். எழுதியது அவன் மாமா. அத்தனை பேர் முன்னால் பரிசைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். அவன் அழுததை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. அன்றிலிருந்து நல்ல கட்டுரையைப் பார்த்தால் எனக்கு முதலில் வருவது பயம்.

ஆகவே ஒரு வழி சொல்கிறேன். வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பீரியடும் தன்ஷிகா ஆசிரியர் அறையில் என் எதிரே உட்காரட்டும். கட்டுரையின் முதல் பக்கத்தை நினைவிலிருந்து எழுதட்டும். வார்த்தைக்கு வார்த்தை வேண்டாம். ஆனால் ஏட்டில் இருக்கும் அதே கையெழுத்தில் எழுத வேண்டும். எழுதிவிட்டால் பூஜ்யத்தை அங்கேயே அடித்துவிடுகிறேன்.

ச. மோகனப்பிரியா


நாள்: 14.11.2024

பொருள்: வெள்ளிக்கிழமை எழுதுவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மா,

எழுதுவாள். பக்கத்திலேயே நின்று பாருங்கள்.

உங்கள் மாணவன் ஒருவன் ஏமாற்றினால் அதற்கு என் மகள் ஏன் தண்டம் கட்ட வேண்டும் என்று கேட்கத் தோன்றுகிறது. கேட்கவில்லை. டாக்டர் வீட்டுப் பிள்ளை நன்றாக எழுதினால் கெட்டிக்காரி. தறி ஓட்டுகிறவள் வீட்டுப் பிள்ளை நன்றாக எழுதினால் யார் எழுதிக் கொடுத்தது என்ற கேள்வி வருகிறது. அப்படித்தானே?

அவள் எழுதி முடித்த பிறகு எனக்கு ஒரே ஒரு வரி எழுதி அனுப்புங்கள். தப்பு என்னுடையது என்று.

இப்படிக்கு,
ர. செவ்வந்தி


18.11.2024, திங்கள்

திருமதி செவ்வந்தி அவர்களுக்கு,

நீங்கள் கேட்ட வரியை எழுத முடியவில்லை.

வெள்ளிக்கிழமை எண்பது நிமிடம் எதிரே உட்கார வைத்தேன். தாளில் பெயர் எழுதினாள், தலைப்பு எழுதினாள். இரண்டும் கோழிக் கிறுக்கலில். பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டாள்.

"ஏன் அம்மணி, எழுதலையா?" என்றேன்.

"முடியாதுங்க மிஸ்."

"தெரியலையா?"

"தெரியுமுங்க."

"அப்புறம் என்ன?"

"இங்க முடியாதுங்க."

அதட்டினேன். கெஞ்சிக்கூடப் பார்த்தேன். அழுதிருந்தால் விட்டிருப்பேன். அவள் அழவில்லை, சன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்குக் கோபம் வந்தது அதனால்தான். அந்தத் தாளை இத்துடன் வைத்திருக்கிறேன்.

நாற்பத்தாறு பேரில் நான் வாசிப்பதை நிமிர்ந்து உட்கார்ந்து கேட்கிற நான்கு பிள்ளைகளில் அவள் ஒருத்தி. அவளை இந்தப் பள்ளியிலிருந்து அனுப்பும் கடிதத்தில் என் பேனாவும் இருக்கும் என்று நினைத்தால் இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் தெரியும் என்கிற பிள்ளை எழுத மறுத்தால் நான் என்னவென்று எடுத்துக்கொள்வது? வெள்ளிக்கிழமை காலை பட்டியல் போகிறது. பூஜ்யமும் குறிப்பும் அப்படியே இருக்கும்.

ச. மோகனப்பிரியா


20.11.2024, புதன்

ஏனுங்க டீச்சர், கும்புடறேனுங்க.

இத எழுதறது மெர்சிங்க. செவ்வந்தி அக்கா ஊட்டுக்குப் பக்கத்து ஊடு. அக்கா சொல்லச் சொல்ல அப்படியே எழுதறேன். எதையும் மாத்தக் கூடாதுன்னு சொல்லிப்போட்டாங்க. இனி வாரதெல்லாம் அவங்க பேச்சுங்க.

டீச்சர், எனக்கு எழுதத் தெரியாதுங்க. படிக்கவும் தெரியாது. பஸ்ஸு போர்டு பாத்தா எந்த ஊருன்னு தெரியும், பேரு போடுவேன், அவ்வளவுதான். மூணாங்கிளாஸ்ல நிறுத்தித் தாரு சுத்த உட்டுட்டாங்க. புள்ளயோட அப்பா கோழி லாரி ஓட்டறாரு, எட்டு நாளைக்கு ஒருக்காத்தான் ஊட்டுக்கு வருவாரு. இத்தன நாளா உங்களுக்கு வந்த கடுதாசி அத்தனையும் நான் சொல்ல என்ற புள்ள எழுதுனதுங்க. பணிவுடன்னு நான் எங்கீங்க சொன்னேன்? அதெல்லாம் அவளாப் போட்டது.

அவ ஆறாவது சேந்தப்ப மொத லீவு லெட்டர அவ எழுத்துல எழுதிக் குடுத்தா. புள்ளைங்க எழுதுனா செல்லாது, அம்மா அப்பாதான் எழுதோணும்னு நீங்க திருப்பி அனுப்பிச்சீங்க. ஞாபகம் இருக்குதுங்களா? அன்னைக்குச் சாயந்தரம் உக்காந்து ரெண்டு மணி நேரம் வேற மாதிரி எழுதிப் பழகுனா. குண்டு குண்டா, நேரா. "இதாம்மா இனிமே உன்ற கையெழுத்து"ன்னு சொன்னா. எனக்கு நெம்பச் சந்தோசமா இருந்துச்சுங்க. அப்பவே அவகிட்டச் சத்தியம் வாங்கிப்போட்டேன். அம்மாவுக்கு எழுதத் தெரியாதுன்னு பள்ளிக்கூடத்துல ஒரு சீவனுக்கும் சொல்லக் கூடாது, என்ற தலமேல சத்தியம்னு. தப்பு அதுதானுங்க. வேற யாரு மேலயும் இல்ல.

கூட்டத்துக்கு நான் வந்தேனுங்க. போன வருசம் மொதக் கூட்டத்துக்கு. வாசல்ல ஒரு நோட்டு வெச்சிருந்தாங்க. "உங்க கருத்த எழுதிட்டு உள்ள போங்க"ன்னு பேனாவக் கையில குடுத்தாங்க. பின்னாடி ஏழெட்டுப் பேரு நின்னாங்க. போன் வந்த மாதிரி காதுல வெச்சுட்டு அப்படியே வெளிய வந்துட்டேன். அப்புறம் வரவே இல்ல. தறிய நிறுத்த முடியாதுன்னு சொன்னது பொய்யுங்க.

உங்க கடுதாசி வந்தா அவதான் படிச்சுக் காட்டுவா. வெள்ளிக்கெழம அதே கையெழுத்துல எழுதோணும்னு நீங்க எழுதுனத அவ எங்கிட்டப் படிக்கல, இப்பக் கேட்டப்பத்தான் சொன்னா. படிச்சிருந்தா அனுப்பியிருக்கவே மாட்டேன். திங்கக்கெழம வந்தத, "எல்லாஞ் சரியாப் போச்சும்மா, மிஸ் ஒண்ணும் சொல்லல"ன்னு மடிச்சுப் பையில வெச்சுட்டா. சரியாப் போனவ ஏன் ரெண்டு நாளாச் சோறு திங்காம இருக்கறா? அவ தூங்குனதுக்கப்புறம் பையிலிருந்து எடுத்து மெர்சிகிட்டக் குடுத்தேன். மெர்சி படிச்சதும்தானுங்க எனக்கு எல்லாம் தெரிஞ்சுது.

வெத்துத்தாள வெச்சுட்டு எம்பது நிமிசம் உக்காந்திருந்தாளே, அது எனக்காகத்தானுங்க. அந்தக் கையெழுத்த உங்க முன்னாடி எழுதியிருந்தா என்னையக் காட்டிக் குடுத்தாப்புல ஆகும். எழுதாம விட்டா அவ திருடி. திருடின்னு பேரு வாங்கிட்டு வந்துட்டா.

இந்தக் கடுதாசியவும் அவளயேதான் எழுதச் சொன்னேன். எழுதத் தெரியாதுங்கற எடம் வந்ததும் பேனாவக் கீழ வெச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டா. அதுதான் மெர்சி எழுதறா.

கதை எழுதறப்ப மட்டும் ஏன் கண்ணு அந்தக் கையெழுத்துல எழுதுனன்னு கேட்டேன். "அம்மா பேசற கதைக்கு அம்மா கையெழுத்துதான வரும்"னு சொல்றா. இதுக்கு நான் என்ன சொல்லட்டுமுங்க.

எனக்குத் தெரியாதுன்னு ஊருக்கே சொல்லுங்க. அவ பேர மட்டும் எழுதிப்போடாதீங்க டீச்சர். வேணும்னா நாளைக்கே நேர்ல வாரேன்.

செவ்வந்தி


21.11.2024, வியாழன்

அன்புள்ள செவ்வந்தி அவர்களுக்கு,

மெர்சி இதை உங்களுக்கு வாசித்துக் காட்டுவார் என்று நம்புகிறேன்.

நீங்கள் கேட்ட வரியை முதலில் எழுதிவிடுகிறேன். தப்பு என்னுடையது.

காலையில் தன்ஷிகாவைக் கூப்பிட்டு, "அம்மா எல்லாத்தையும் சொல்லிட்டாங்க கண்ணு" என்றேன். அவள் முதலில் கேட்டது, "கடுதாசிய யாருங்க மிஸ் எழுதுனாங்க?" மெர்சி என்றேன். "எழுத்து நல்லா இருந்துச்சுங்களா?" என்றாள். உன் எழுத்து அளவுக்கு இல்லை என்றேன். அதற்குப் பிறகுதான் அழுதாள். அழுது முடித்துவிட்டு அவளாகவே தாள் கேட்டாள். உருண்டை எழுத்தில் ஒன்றரைப் பக்கம், என் கண் முன்னால், நிறுத்தாமல் எழுதினாள்.

உங்கள் கடிதங்களைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். அனுப்புநர் எங்கே, பெறுநர் எங்கே, பொருள் எங்கே என்று எல்லாம் நான் சென்ற ஆண்டு கரும்பலகையில் எழுதிக் காட்டிய அதே இடத்தில் இருக்கின்றன. வீட்டில் இருக்கும் பெரியவர்கள் யாரும் அப்படி எழுதுவதில்லை. என் பாடம் எனக்கே தபாலில் வந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. 'படித்துப் புரிந்துகொண்டேன்' என்று உங்களிடம் கையொப்பம் வாங்கியதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அடுத்த கூட்டத்தில் வாசலில் நோட்டு இருக்காது. முதல்வரிடம் பேசிவிட்டேன். நோட்டு எதற்காக வேண்டாம் என்று மட்டும் சொன்னேன், யாருக்காக என்று சொல்லவில்லை.

பூஜ்யத்தை அடித்துவிட்டேன். குறிப்பு போகாது. கட்டுரைக்கு இருபதுக்குப் பதினேழு.

முழு மதிப்பெண் போடாததற்குக் காரணத்தையும் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் கேட்பீர்கள். கேட்டு எழுதுவது குற்றமில்லை என்று ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த வேன் வரிகள் கட்டுரையின் உயிர். அவை உங்கள் வாயிலிருந்து வந்த வரிகள் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். சொந்தச் சொற்கள் என்ற விதியை எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒன்றுபோல் வைக்க வேண்டியிருக்கிறது. ஆகவே அந்த வரிகளுக்குப் பக்கத்தில் 'அம்மா சொன்னது' என்று எழுதி மூன்று குறைத்திருக்கிறேன். ஏட்டையும் கொடுத்தனுப்புகிறேன்.

ச. மோகனப்பிரியா


25.11.2024

பொருள்: 'அம்மா சொன்னது' தொடர்பாக.

மதிப்பிற்குரிய டீச்சர்,

இதை எழுதுவது தன்ஷிகா. நான் சொல்கிறேன். எழுதி முடித்ததும் மெர்சி படித்துக் காட்டுவாள், ஒரு வரி விட்டாலும் தெரிந்துவிடும் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். முறைத்துக்கொண்டே எழுதுகிறாள்.

சனிக்கிழமை உங்கள் பழைய கடிதங்களையும் புதியதையும் ஏட்டையும் மெர்சி முதலிலிருந்து கடைசி வரை வாசித்தாள். கட்டுரையை எழுதிய அன்று இவள் எனக்குப் படித்துக் காட்டியிருந்தாள். அன்று நான் கேட்ட கட்டுரையில் வேன் இல்லை. நூலும் இல்லை. நீங்கள் எழுதிய முதல் கடிதத்தில் அது இருந்தது என்பதும் சனிக்கிழமைதான் எனக்குத் தெரியும். எனக்கு வாசித்தபோது இவள் அதையும் விட்டுவிட்டுப் படித்திருக்கிறாள். நீங்கள் கேட்டும் நான் ஏன் பதில் சொல்லவில்லை என்று இப்போது உங்களுக்குப் புரியும்.

டீச்சர், அந்த வரியை நான் சொல்லவில்லை. யாரிடமும் சொன்னதில்லை. இவள் அப்பாவிடமும் சொன்னதில்லை.

தினமும் எட்டேகாலுக்கு இவளும் உட்கார்ந்திருக்கிற வேன் போகும். எங்கள் குடோன் ரோட்டைப் பார்த்து இருக்கிறது, கதவு திறந்தே இருக்கும். நான் நிமிர்ந்தால் வேனில் இருக்கும் பிள்ளைகளுக்கு என்னைத் தெரியும். தலையெல்லாம் பஞ்சாக நிற்கிற இவள்தான் தன்ஷிகாவின் அம்மா என்று தெரிந்துபோகும். அவளைக் கேலி செய்வார்கள் என்று குனிந்துகொள்வேன். சும்மா குனிந்தால் பக்கத்துத் தறிக்காரி கேட்பாள் என்று நூலைப் பிடித்து முடிச்சுப் போடுவதுபோல் விரலை ஆட்டுவேன். ஒன்றரை வருடமாக இதைச் செய்கிறேன். யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன்.

ஏன் கண்ணு எனக்குப் படித்துக் காட்டவில்லை என்று கேட்டேன். "படிச்சா நீ அழுவ" என்றாள். ஓடுகிற வேனிலிருந்து நூல் அறுந்திருக்கிறதா இல்லையா என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். "நூலு அறுந்தா நீ தறிய நிறுத்துவம்மா. வேன் போறப்ப உன்ற தறி ஓடிக்கிட்டே இருக்கும்" என்றாள்.

பதினேழு பதினேழாகவே இருந்தாலும் எனக்குக் கவலையில்லை. மூன்று மதிப்பெண்ணைப் பற்றி அவள் தனியாக உங்களிடம் கேட்பாளாம், அது உங்கள் இருவர் பாடு. நான் கேட்பது ஒன்றுதான். ஏட்டின் ஓரத்தில் 'அம்மா சொன்னது' என்று சிவப்பில் எழுதியிருக்கிறீர்கள். அதை அடித்துவிடுங்கள். அது அவள் பார்த்தது.

அடுத்த கூட்டத்துக்கு வருகிறேன்.

இன்று காலை வேன் வருவதற்கு முன்னால், இனிமேல் நான் நிமிர்ந்து உனக்குக் கை ஆட்டட்டுமா என்று இவளைக் கேட்டேன். பையை மாட்டிக்கொண்டே சொன்னாள்:

"ஆட்டும்மா. ஆனா நெம்ப நேரம் ஆட்டிக்கிட்டே நிக்காத. நூலு அறுந்துபோயிரும்."

இப்படிக்கு,
ர. செவ்வந்தி